எட்டுப் பிள்ளைகள், ஒரு ரீச்சர்: எதில் தொடங்குவது?

விசேட கல்வி அலகொன்றை இந்தத் தவணை பொறுப்பெடுத்த இளம் ஆசிரியை ஒருவர் மூன்று வாரத்துக்கு முன் இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, இன்றைக்கும் கடிச்சுப்போட்டான். பயிற்சியில சொன்னதெல்லாம் கொப்பியில இருக்கு. மேசைப் பயிற்சி, படக் கால அட்டவணை, பட அட்டை, எல்லாம் எழுதி வச்சிருக்கிறன். எல்லாத்தையும் ஒரேயடியா செய்ய ஏலாது. எதில தொடங்கட்டும்?" அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

அரை மணித்தியாலம் கதைத்தோம், முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொழும்பில் தமிழ் மொழிமூல விசேட கல்வி அலகுகளில் நிற்கிற எங்களில் அநேகமானோருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். பயிற்சிகளில் ஒவ்வொரு முறையையும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் நல்லதென்று சொல்லித் தருவார்கள். நல்லவைதான். ஆனால் காலை 7.30க்கு மணி அடிக்கும்போது எட்டுப் பிள்ளைகளோடு வாசலில் நிற்பவருக்கு எது முதல், எது பிறகு என்றுதான் தெரிய வேண்டும்.

என் வகுப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வதன் அளவு விளங்கும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பாடசாலை. பழைய மண்டபமொன்றில் பாதி எங்களுக்கு. நடுவில் இரண்டு அலுமாரிகள்தான் சுவர், அந்தப் பக்கம் தரம் 2. ரயில் போனால் ஜன்னல் அதிரும். எட்டுப் பிள்ளைகள், அதில் ஐந்து பேருக்கு ஓட்டிசம். உதவிக்கு ஒருவர் வருகிறார், கிழமையில் மூன்று நாள். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட இலங்கை ஆய்வில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தால், நடுத்தரமான எந்தப் பாடசாலையின் வாசலுக்கும் இந்தப் பிள்ளைகளில் சிலர் வந்தே தீருவார்கள்.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். நேற்றுவரை இல்லாத ஒரு பழக்கம் திடீரென்று வந்தால் முறையைத் தேடாதீர்கள், வலியைத் தேடுங்கள். பேச்சு வராத பிள்ளை ஒருத்தி ஒருநாள் தன் வலது கன்னத்தில் அடிக்கத் தொடங்கினாள். மூன்று வாரம் நான் கையைப் பிடித்தேன், பந்து கொடுத்தேன், அட்டவணையை மாற்றினேன். கடைசியில் அம்மா வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல் கறுத்து, முரசு வீங்கியிருந்தது. அந்த மூன்று வாரமும் அவள் எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பல், காது, மலச்சிக்கல், நித்திரையின்மை, இவை நான்கையும் வீட்டாரிடம் முதலில் கேட்கிறேன் இப்போது. வெறித்துப் பார்த்து நிற்பது, சில நொடி கூப்பிட்டால் கேட்காதது மாதிரி எதையாவது கண்டால் வலிப்பாக இருக்கலாம், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அது மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாக வருவது. உடனே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, வலி இல்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது முறைகளுக்கு வருவோம்.

மேசைப் பயிற்சி

பிள்ளையை எதிரில் இருத்தி, ஒரு சின்னக் கேள்வி, ஒரு பதில், உடனே ஒரு பரிசு. திரும்பத் திரும்ப. நடத்தைப் பகுப்பாய்வு முறை என்று பயிற்சிகளில் சொல்வதன் பழைய முகம் இது. பெற்றோர் அதிகம் கேள்விப்பட்டிருப்பதும் இதைத்தான், கொழும்பில் தனியார் நிலையங்கள் பல விளம்பரப்படுத்துவதும் இதைத்தான். இதன் பெயர் பரவக் காரணமான ஆய்வை லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்டார். 19 சின்னப் பிள்ளைகள், கிழமைக்கு 40 மணித்தியாலம், இரண்டு வருடத்துக்கு மேல், ஒருவருக்கு ஒருவர். அதில் 9 பேர் சாதாரண வகுப்புக்குப் போனார்கள் என்றார். அந்தப் பயிற்சியில் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று நல்ல பயிற்சியாளர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஆனாலும் சிறுவயதில் இப்படிப் பழக்கப்பட்டு இன்று வளர்ந்தவர்களாக இருக்கும் ஓட்டிசம் உள்ளவர்கள் பலர், தங்களைச் சொல்கேட்கப் பழக்கினார்களே தவிரத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்கிறார்கள். அந்தக் குரலை நாம் கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். பாடசாலை 7.30 முதல் 1.30 வரை, கிழமைக்கு 30 மணித்தியாலம். காலைக் கூட்டம், தேவாரம், இடைவேளை, சாப்பாடு, டொய்லெட் எல்லாம் கழித்தால் 20 மிஞ்சும். எட்டால் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டரை மணித்தியாலம். அதுவும் மற்ற ஏழு பேரும் சும்மா இருந்தால்! 40 மணித்தியாலத்துக்கான முறையை இரண்டரையில் செய்துவிட்டு, பிள்ளை முன்னேறவில்லை என்று பிள்ளையின் தலையில் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனாலும் இதில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அதை விடக் கூடாது. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. கை கழுவுவதைப் பன்னிரண்டு படியாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குவேன். முதலில் கை துடைப்பதை மட்டும் பிள்ளை தானாகச் செய்வான், மற்றதெல்லாம் என் கை. பிறகு பைப்பைப் பூட்டுவதும் அவனுடையது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த மகிழ்ச்சி அவனுக்கே கிடைக்கும். சப்பாத்துப் போடுவது, பொத்தான் போடுவது, டொய்லெட் பழக்கம் எல்லாவற்றுக்கும் இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வகுப்பறையை ஒழுங்குபடுத்துவது

இரண்டாவது வழி பிள்ளையை விட்டுவிட்டு அறையைத் திருத்துவது. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷொப்ளர் கட்டியெழுப்பி, 1972இல் அந்த மாநிலத்தின் திட்டமாகவே ஆன 'டீச்' முறை இதற்குப் பெயர் போனது. அடுத்து என்ன, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்தபின் என்ன என்ற நான்கு கேள்விக்கும் பிள்ளை கண்ணால் பதிலைக் காண வேண்டும். எங்கள் வகுப்பில் இதற்கு ஆன செலவு மிகக் குறைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீள அட்டை, வெல்க்ரோவில் ஒட்டிய படங்கள், மேலிருந்து கீழ். மேசையின் இடப்பக்கம் செய்ய வேண்டிய வேலை மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களில், வலப்பக்கம் முடிந்த வேலை போட ஒரு பெரிய கூடை. மூன்று டப்பாவும் கூடைக்குப் போனால் வேலை முடிந்தது. சொல்லத் தேவையில்லை, பிள்ளைக்கே தெரியும்.

இதன் பெரிய பலம், எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது. நான் ஒருத்தியோடு இருக்கும்போது மற்றவர்கள் தங்கள் டப்பாக்களோடு இருப்பார்கள். பத்து நாளில் வகுப்பின் சத்தம் குறையும். எந்த ஆசிரியருக்கும் மூச்சு விட இடம் தரும் முறை இது.

இது உடைவது எங்கே என்றால், நாள் உடையும்போது. விளையாட்டுப் போட்டி வந்தால் ஒரு மாதம் காலைப் பாடம் இல்லை. நவராத்திரிக்கு மண்டபத்தில் கொலு வைக்க எங்கள் பாதியையும் கேட்பார்கள். ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும் நாளில் மேளமும் கூட்டமும். அட்டவணையில் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய பிள்ளை அன்றைக்குத்தான் மோசமாக விழுவான். அதனால் 'மாற்றம்' என்று ஒரு அட்டையை நல்ல நாளிலேயே பழக்க வேண்டும். பாடத்துக்குப் பதிலாக ஊஞ்சல் என்று, பிள்ளைக்குப் பிடித்த மாற்றமாக முதல் பத்துத் தடவையும் இருக்கட்டும். கஷ்டமான மாற்றத்துக்கு அந்த அட்டையைப் பிறகு எடுங்கள்.

கேட்க ஒரு வழி கொடுப்பது

மூன்றாவது வழியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

என் வகுப்பில் ஒரு பையன், ஒன்பது வயது, பேச்சில்லை. தன் மணிக்கட்டைக் கடிப்பான், பக்கத்தில் யாரும் இருந்தால் அவர்கள் கையையும். என் இடது முழங்கையில் அடையாளம் இன்னும் இருக்கிறது. ஒரு கொப்பியில் மூன்று கோடு கிழித்துப் பத்து நாள் எழுதினேன்: கடிக்க முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. கோபம் எதுவும் எழுதவில்லை, கண்ட விஷயம் மட்டும். பத்தாம் நாள் பக்கங்களைப் புரட்டியபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. அநேகமாக எல்லாக் கடியும் ஒன்பதேகாலுக்கும் பத்துக்கும் இடையில். அந்த நேரத்தில்தான் அலுமாரிக்கு அந்தப் பக்கம் தரம் 2 பிள்ளைகள் வாய்ப்பாட்டைச் சேர்ந்து சத்தமாகச் சொல்வார்கள். அதே நேரத்தில்தான் நான் எழுத்துக் கொப்பியை அவன் முன் வைப்பேன். மூன்றாவது கோட்டில், 'பிறகு என்ன கிடைத்தது' என்ற இடத்தில், என் கையெழுத்திலேயே ஒவ்வொரு நாளும் ஒரே வரி: விறாந்தைக்குக் கூட்டிப் போனேன், அமைதியானான்.

கடித்தால் விறாந்தை என்று அவனுக்குப் பாடம் எடுத்தது நான்தான். அவனுக்கு வேறு எந்த வழியையும் நான் தரவில்லை.

1985இல் எட்வேர்ட் கார், மார்க் டுரண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். பிள்ளை அடிப்பதும் கடிப்பதும் ஏதோ ஒன்றைக் கேட்பதற்காக. பாடம் கஷ்டம் என்று அடிக்கிற பிள்ளைக்கு உதவி கேட்கச் சொல்லிக்கொடுத்தால் அடி குறைகிறது. கவனம் வேண்டி அடிக்கிற பிள்ளைக்கு ஆசிரியரைக் கூப்பிட ஒரு வாக்கியம் கொடுத்தால் அடி குறைகிறது. மாற்றிக் கொடுத்தால் குறையவில்லை. அதனால்தான் அந்த மூன்று கோட்டுக் கொப்பி இல்லாமல் அட்டையை வெட்டத் தொடங்கக் கூடாது. தப்பிக்க, கவனம் பெற, ஒரு பொருளைப் பெற, உடம்புக்கு அந்த உணர்வு வேண்டும் என்பதற்காக, இந்த நான்கில் எது என்று முதலில் தெரிய வேண்டும். அதே 1985இல் டெலவெயரில் அன்டி பொண்டியும் லோரி ஃபுரொஸ்ட்டும் தொடங்கிய 'பெக்ஸ்' என்ற பட அட்டை முறை, பேச்சில்லாத பிள்ளை அட்டையை எடுத்து மற்றவர் கையில் கொடுத்துக் கேட்கப் பழக்குவதற்கு நல்ல படிமுறை தருகிறது.

என் பையனுக்கு நான் கொடுத்தது ஒரே அட்டை. எங்கள் விறாந்தையின் போட்டோ, கீழே 'வெளியே'. மேசை மூலையில் ஒட்டியிருக்கும். முதல் கட்டத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் முன்னால் கையை விரித்தபடி இருப்பார், ஒன்றும் பேசமாட்டார். மற்றவர் பின்னால் நின்று பிள்ளையின் கையை அட்டைக்குக் கொண்டுபோய், எடுத்துக் கொடுக்க வைப்பார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பிள்ளை நம் முகத்தையும் வார்த்தையையும் எதிர்பார்த்தே இருக்கப் பழகிவிடுவான். அதனால் உதவியாளர் வரும் மூன்று நாளை இதற்கென்றே ஒதுக்கினேன். அட்டை கைக்கு வந்த அந்த நொடியே 'வெளியே' என்று சொல்லி எழும்பிவிட வேண்டும். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போவோம் என்று ஒருதரம் சொன்னாலும் போச்சு. விறாந்தையில் இரண்டு நிமிடம், மணற்கடிகாரம் முடிந்ததும் திரும்பி வருவோம்.

இந்த முறையின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. முதல் கிழமை அவன் ஒரு நாளில் இருபது தடவை வெளியே போனான். பாடம் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வகுப்பு ரீச்சர், "நீங்கள் செல்லம் குடுத்துப் பழுதாக்குறீங்கள்" என்றார், அன்பாகத்தான் சொன்னார். எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் அந்தக் கிழமையில் கடி பாதிக்கு மேல் குறைந்தது. மூன்றாம் கிழமை அட்டையை வாங்கிக்கொண்டு, "ஒரு வரி, பிறகு வெளியே" என்று இரண்டு படத்தைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், வரியைப் பார்த்தான், எழுதினான். அன்று இடைவேளையில் நான் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தேன். கடி அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். மழை நாளில், நித்திரை இல்லாத நாளில் இன்னும் வரும்.

அட்டையில் எந்த மொழி

கொழும்பில் இது சின்னக் கேள்வி இல்லை. அந்தப் பையனின் அம்மாவிடம் முன்னொரு நிலையத்தில் யாரோ, பிள்ளைக்கு ஒரே மொழிதான் நல்லது, ஆங்கிலத்தில் கதையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த அம்மா தனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பிள்ளையோடு கதைத்தார். அம்மம்மா தமிழ். வான்காரர் சிங்களம். அம்மா என்னிடம், "ரீச்சர், நான் அவனோட தாராளமாக் கதைச்சு இரண்டு வருஷம்" என்றார். அதைக் கேட்டபின் எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சி பின்வாங்குவதில்லை என்றுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் மனசு எந்த மொழியில் ஓடுகிறதோ அதில் கதையுங்கள். அட்டையில் போட்டோ ஒன்றுதான், அதன் கீழே தமிழ். வான்காரருக்கு அதே போட்டோவின் பின்பக்கம் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தோம், அவர் அதைக் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறார். தனியார் நிலையத்தையும் அலகையும் ஒப்பிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பெற்றோருக்கும் நான் சொல்வது இதுதான்: கட்டடத்தையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன், அங்கே பிள்ளையோடு இருப்பவர் எந்த மொழியில் கதைப்பார் என்று கேளுங்கள். தமிழில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர் கிடைத்தால் விடாதீர்கள், காத்திருப்பு நீண்டாலும்.

யாரும் முறை என்று சொல்லாத முறை

பத்து மணிக்கு அம்மாவுக்குப் போன். "வந்து கூட்டிட்டுப் போங்கோ." பல இடங்களில் நடக்கிறது, நானும் முன்பு செய்திருக்கிறேன். கடித்தால் விறாந்தை என்பதைப் போலவே, இது கடித்தால் வீடு. பிள்ளைக்குப் பாடத்திலிருந்து தப்ப வழி காட்டுகிறோம், அம்மாவின் வேலையையும் பறிக்கிறோம். வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது, அதே உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியும் இருக்கிறது. பாடசாலை நேரம் அந்தப் பிள்ளைக்கும் உரிய நேரம்.

"நாலு அடி போடுங்கோ ரீச்சர், திருந்துவான்" என்று சொல்லும் தகப்பன்மாரும் உண்டு. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை அடியைத் தடைசெய்திருக்கிறது என்று சொல்வேன். அதோடு, அடி வாங்கிய பிள்ளைக்கு விறாந்தைக்குப் போக வழி கிடைக்காது, பயப்பட இன்னொரு காரணம்தான் கிடைக்கும் என்றும் சொல்வேன்.

கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்ற ஆலோசனையிலும் கவனம். கண்டுகொள்ளாவிட்டால் ஒரு பழக்கம் குறைவதற்கு முன் கூடவும் செய்யலாம். அப்படிக் கூடியபின் நாலாம் நாள் தாங்க முடியாமல் நாம் இறங்கிப் போனால், பலமாகக் கடித்தால்தான் கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்வான். மற்ற ஏழு பிள்ளைகளின் கைகள் பக்கத்தில் இருக்கும் வகுப்பில் இதைச் செய்யவே முடியாது.

அப்போ, எதில்?

கடி, அடி, தலையை முட்டுவது முன்னால் நின்றால் அட்டையில் தொடங்குங்கள். ஒரு பிள்ளை, ஒரு அட்டை, இரண்டு கிழமை. அப்புறம் அறையை ஒழுங்குபடுத்துங்கள், ஏனென்றால் அட்டையைப் பிடித்துவிட்ட பிள்ளைக்கு அட்டவணையும் சீக்கிரம் பிடிபடும். மேசைப் பயிற்சி கடைசியில், அதுவும் கை கழுவுவது, சப்பாத்துப் போடுவது போன்றவற்றுக்கு. மேசையில் தொடங்கிய ஆசிரியர்கள்தான் அதிகம் கடி வாங்கியதை நான் கண்டிருக்கிறேன். கேட்க வழியில்லாத பிள்ளையைக் கதிரையில் இருத்தி வேலை வாங்கினால் வேறென்ன நடக்கும்?

இரண்டு இடத்தில் இந்த ஒழுங்கை மாற்றுவேன். ஓடுகிற பிள்ளை என்றால் அறைதான் முதலில். எங்களுக்கு ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் தண்டவாளம். கதவுக்கு மேல்கொளுக்கி, பிள்ளையின் இருக்கை கதவுக்கு எதிர்ப்பக்கம், வாயிற்காவலர் கையில் பிள்ளையின் படம், இவை முடிந்தபின்தான் மற்றதெல்லாம். தன்னைத்தானே இரத்தம் வர அடித்துக்கொள்ளும் பிள்ளையை வகுப்பில் மட்டும் வைத்துப் பார்க்கவும் கூடாது. வைத்தியர் முதலில், உங்கள் மூன்று கோட்டுக் கொப்பியை அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். கிளினிக்கில் ஐந்து நிமிடம் கிடைக்கும் அம்மாவுக்கு அந்தப் பத்து நாள் எழுத்து பேசும்.

அந்த ஆசிரியை நேற்று வட்ஸ்அப்பில் தன் முதல் அட்டையை அனுப்பியிருந்தார். பத்து நாள் கொப்பி எழுதி முடித்துவிட்டார், அவருடைய பிள்ளையும் வெளியே போகத்தான் கடிக்கிறான். கொமினிகேஷன் கடையில் லாமினேட் பண்ணி, மூலையை வட்டமாக வெட்டி, அழகாகச் செய்திருந்தார். படம் இணையத்தில் எடுத்த ஒரு வெள்ளைக் கதவு. "உங்கட வகுப்புக் கதவு என்ன நிறம்?" என்று கேட்டேன். பச்சை என்றார், கீழ்ப்பாதி பெயின்ட் உரிஞ்சு போயிருக்காம். நாளைக்குக் காலையில் பிள்ளைகள் வரமுன்னம் அந்தப் பச்சைக் கதவை, உரிஞ்ச பெயின்டோடு, போனில் படமெடுக்கச் சொன்னேன்.